ஆறு வீட்டு லேன்

1

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு, ஆறு பேர். அப்பா கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகக் களஞ்சியங்களில் மூட்டை இறக்கினார். அவர் மூட்டையோடு விழுந்து எழும்பாமல் போனபோது நான் ஏழாம் வகுப்பு. படிப்பு அதோடு சரி. பதினேழு வயதில் வாடகைக் கைவண்டி இழுத்தேன். இருபத்தைந்தில் எனக்குச் சொந்தமாக மூன்று கைவண்டிகள் இருந்தன. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மூன்றும் எரிந்தன. பிறகு சுவிஸ். மலையடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் சட்டி கழுவினேன். ஏழு வருடத்தில் அதே அடுப்படியில் சமையல்காரன். அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை. பனி கொட்டும் நாளிலும் வெள்ளைக்காரர் வரிசையில் நின்று கொத்துரொட்டி வாங்கிய கடை. தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். மகனை எஞ்சினியர் ஆக்கினேன், மகளைப் பல் வைத்தியர் ஆக்கினேன். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் லேன் ஒன்றில் ஐந்து மாடி, பத்து ஃபிளாட் கட்டினேன். படம் கீறியவர் பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர். மூன்றாவது படி அரை அங்குலம் உயரம் கூட என்று காலால் கண்டுபிடித்தவன் நான். உடைத்துத் திரும்பக் கட்ட வைத்தேன்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு கழிவுநீர்க் கானின் அடைப்பை எடுக்க மூன்று மாதம் சென்றது. அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

இந்த ஆனி மாதத்தோடு நான் சுவிஸுக்கு வந்து நாற்பது வருடம். பிள்ளைகள் கேக் வாங்கி வந்தார்கள். கேக்கின் மேல் நாற்பது என்று எழுதியிருந்தது. பேரன் அதைப் பார்த்து, தாத்தாவுக்கு நாற்பது வயதா என்று டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கேட்டான். என் மகன் டொச்சிலேயே பதில் சொன்னான். மருமகள் டொச்சிலேயே சிரித்தாள். நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வெள்ளவத்தையிலிருந்து அக்காவின் வீடியோ அழைப்பு. அக்காவுக்கு எழுபத்தேழு வயது. கல்யாணம் செய்யவில்லை. என் கட்டடத்தில் ஒன்பது ஃபிளாட்டை விற்றேன். கீழ்த்தளத்து ஃபிளாட்டை அக்காவுக்கென்று வைத்தேன். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் படி ஏற மாட்டார். இப்போதும் சட்டை தைத்துத்தான் தன் செலவைப் பார்க்கிறார்.

“கேக்கை வெட்டிப்போட்டு வா தம்பி,” என்றார். “எனக்கும் இஞ்ச ஒண்டு வந்திருக்கு, காட்டுறன்.”

கமராவைத் திருப்பினார். குளியலறை ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் கணுக்கால் அளவுக்கு நின்றது. தையல் மெசினை நான்கு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தார்.

“எத்தனை நாளாய் இப்பிடி?”

“மூண்டு வருசமாய். மழை பெய்யேக்க மட்டுந்தான் வந்தது. இப்ப மேல்வீட்டுக்காரர் உடுப்புத் தோய்ச்சாலே வருது.”

மூன்று வருடமாக என்னிடம் சொல்லவில்லை. கட்டிக் கொடுத்தவனிடம் எப்படிக் குறை சொல்வது என்று நினைத்தாராம்.

மகன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். “அப்பா, அதை வித்துப்போடுங்கோ. மாமியை நல்ல ஹோம் ஒண்டில விடலாம். நான் பாக்கிறன்.” அவன் பாவம், நல்ல மனதோடுதான் சொன்னான். ஐப்பசி மழைக்கு முன் அவரை எடுத்துவிட வேண்டும் என்று அன்றே இணையத்தில் தேடத் தொடங்கிவிட்டான். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

“ஹோமில விடுறவன் மெசினையும் விடுவானோ எண்டு கேள்,” என்றார்.

நான் மறு கிழமை விமானம் ஏறினேன். மழை தொடங்குமுன் கான் ஓடாவிட்டால் அக்காவுக்கு அந்த வீடு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு நம்பிக்கை இருந்தது. எங்கள் சிறு நகரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை ஊர்க்கூட்டம் கூடும். பிரஜை ஆனவர் எவரும் கை தூக்கிப் பேசலாம். ரயில் நிலையத்துப் படியில் பனி உறைந்து ஆட்கள் வழுக்குகிறார்கள், கைபிடி வேண்டும் என்று நான் ஒருமுறை எழும்பிப் பேசினேன். மூன்று வசனம் பேசினேன், மூன்றும் பிழை. ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த குளிருக்குள் கைபிடி வந்தது. சுவிஸிலேயே செய்தவன், கொழும்பில் செய்யமாட்டேனா என்று நினைத்தேன். அங்கே கை தூக்கினால் போதும். இங்கே யாருடைய கை என்று முதலில் பார்ப்பார்கள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

3

எங்கள் லேனில் இப்போது நான்கு கட்டடங்கள், சில பழைய வீடுகள். எல்லாமாக நாற்பத்திரண்டு குடும்பங்கள். குடியிருப்பாளர் சங்கம் ஒன்றும் இருக்கிறது. தலைவர் சிவபாதம் ஐயா, ஓய்வு பெற்ற வங்கி மனேஜர், என் கட்டடத்தில் நான்காம் மாடி. அவர் ஆங்கிலத்தில் மூன்று பக்க மகஜர் தயாரித்திருந்தார். எனக்கு வாசித்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. கான் என்ற சொல் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது.

மாநகர சபையில் பொதுமக்களைச் சந்திக்கும் நாளில் நாலு பேர் போனோம். நானும் சிவபாதம் ஐயாவும் சங்கத்துச் செயலாளரும், தான் ஆங்கிலம் பேசுவதால் வந்ததாகச் சொன்ன ஒரு டொக்டரும். காலை எட்டு மணிக்குத் துண்டு எடுத்தோம். இலக்கம் ஐம்பத்தேழு. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நடுத்தர வயதுச் சிங்கள அம்மா ஒருவர், எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

“கியன்ன மாத்தயா,” என்றார். சொல்லுங்கள் ஐயா என்று அர்த்தம்.

சிவபாதம் ஐயா ஆங்கிலத்தில் முதலாம் பக்கத்தைத் தொடங்கினார். மிஸ் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் கையெழுத்துகளைப் பார்த்தார். கணினியில் எதையோ தட்டினார். பிறகு சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

“இந்த லேனில் எத்தனை குடும்பம்?”

“நாற்பத்திரண்டு.”

“வாக்காளர் இடாப்பில் ஆறு வீடுதான் இருக்கிறது. மற்ற ஆட்கள் எங்கே?”

சிவபாதம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டொக்டர்தான் மெல்லச் சொன்னார், எல்லாருக்கும் வாக்கு ஊரில் என்று.

நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முப்பது வருடம் வெள்ளவத்தையில் இருப்பார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்து, படித்து, கல்யாணமும் முடித்திருப்பார்கள். ஆனால் இடாப்பில் பெயர் யாழ்ப்பாணத்தில், ஊர் விலாசத்தில். கிராம சேவகர் படிவத்தோடு வந்து கதவைத் தட்டினால், நாங்கள் இங்கே சும்மாதான் இருக்கிறோம், எங்கள் பதிவு ஊரில் என்று திருப்பி அனுப்புவார்கள். இங்கே பதிந்தால் ஊர்க் காணி கையை விட்டுப் போய்விடும் என்று ஒரு பயம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

மிஸ் சிரிக்காமல் கேட்டார்: “சும்மா இருக்கிற ஆட்கள் கழுவுகிற தண்ணீர் மட்டும் எங்கள் கானில் போகிறதா?”

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை. நான் முன்னுக்கு வந்து மேசையில் கை வைத்தேன். “அப்பே லேன் எகே வதுர பஹின்னே நே, மிஸ்,” என்றேன். எங்கள் லேனில் தண்ணீர் இறங்குவதில்லை. வங்கியும் டொக்டரும் அரை மணி நேரத்தில் சொல்லாததை ஒரு வசனத்தில் சொன்னேன். வீட்டுக்குள்ளே வருகிறதா என்று கேட்டார். நாற்பது வருடப் பழக்கம், வாயில் டொச்சுத்தான் வந்தது: “யா, யா!” மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாத்தயா எந்த நாடு என்று கேட்டார்.

“கொட்டாஞ்சேனை,” என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்சம் இளகினார். அந்த ஆறு வீட்டில் ஒருவராவது இதில் கையெழுத்து வைத்திருக்கிறாரா, இருந்தால் இன்றே பொறியியல் பகுதிக்கு அனுப்புகிறேன் என்றார். தேடினோம். ஒன்றும் இல்லை. சங்கம் ஃபிளாட் உரிமையாளர்களிடம் மட்டும்தான் கையெழுத்து வாங்கியிருந்தது. ஆறு வீட்டின் பெயர்களையும் மிஸ் வாசித்தார். ஐந்தாவதாக வாசித்தது என் அக்காவின் பெயர்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“வருசா வருசம் பதியிறனான்தானே. எங்கட வீடு எரிஞ்சு முகாமில நிக்கேக்க, எந்த வீட்டாள் எண்டு கேட்டு இடாப்பைத்தானே பாத்தவங்கள். இருக்கிற இடத்தில பேர் இல்லாட்டி நீ அங்க இருக்கேல்லை எண்டுதான் கணக்கு.”

“கையெழுத்து வாங்க வரேக்க நீ ஏன் சொல்லேல்லை?”

“என்னட்ட ஆர் வந்தது? ஊத்தைத் தண்ணி என்ர வீட்டுக்க. மகஜர் நாலாம் மாடியில. லிஃப்ட் வேலை செய்யிற நாளில கூப்பிட்டிருந்தாலாவது போயிருப்பன்.”

அன்று பின்னேரம் நான் சொல்லச் சொல்ல, பழைய வீடொன்றிலிருந்த சிங்களத் தையல்காரர் ஒருவர் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். சிங்களத்தில் அரைப் பக்கம், தமிழில் அரைப் பக்கம். முதல் கையெழுத்து அக்காவுடையது. பிறகு மற்ற ஐந்து வீடு. கடைசியில்தான் சங்கம். சிவபாதம் ஐயா ஏழாவதாகக் கையெழுத்து வைத்தார். பேனையை என்னிடம் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

4

பத்து நாளில் சபையின் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் வந்தார். தலையில் தொப்பி, கையில் இரும்புக் கொக்கி. லேனின் தலையிலிருந்து கடல் முனைவரை இரண்டு தரம் நடந்தார். கொக்கியால் நிலத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். சங்கத்தார் எல்லாரும் பின்னால் நடந்தோம். அக்கா வாசலில் கதிரை போட்டு இருந்தார்.

வரைபடத்தில் இந்த லேனில் மூன்று மேன்ஹோல் மூடி இருக்கிறது, நிலத்தில் ஒன்றும் இல்லை, மூடியைத் திறக்காமல் எப்படித் துப்பரவு செய்வது என்றார். குனிந்து தரையைத் தடவினார். நல்ல வழவழப்பான கொங்கிறீட்.

“மேக தெம்மே கவ்த?” இதைப் போட்டது யார்?

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஃபிளாட் கட்டி முடித்த வருடம் அந்த லேன் முழுக்கச் சேறு. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குடிவருகிற ஆட்களுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. யாரையும் கேட்காமல், சபைக்கும் எழுதாமல், இரண்டு நாளில் லேன் முழுவதும் கொங்கிறீட் கொட்டினேன். மேசன் கேட்டான், முதலாளி, இந்த மூடி மூன்றையும் உயர்த்தி வைக்கட்டுமா என்று. வைத்தால் கார் துள்ளும், பார்க்க வடிவில்லை, மூடிவிட்டுப் போ என்றேன். அரை அங்குலப் படியைக் காலால் கண்டுபிடித்த நான்தான் இதைச் சொன்னேன். குடிபுகுந்த அன்று லேனுக்கு நடுவில் வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் சிவபாதம் ஐயா.

இப்போது அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். பழைய கொன்ராக்டர் ஒருவர் போட்டது, ஆளை இப்போது பிடிக்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். கண்ணாலும் சாடை காட்டினார். எனக்கும் தலையாட்டிவிட்டு நிற்க ஆசையாகத்தான் இருந்தது. வாசலைப் பார்த்தேன். அக்கா ஈரம் ஊறி வெளுத்த காலை மற்றக் காலின் மேல் போட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். யார் மூடியது என்று சொல்லாவிட்டால் எங்கே மூடியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

“மம தமய்,” என்றேன். நான்தான்.

ஓவசியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. “சபை உடைப்பதென்றால் மதிப்பீடு, அனுமதி, டெண்டர் கேள்விப்பத்திரம். மழை வந்துவிடும். போட்டவரே உடைத்து மூடியைக் காட்டினால் அடுத்த கிழமை நான் அடைப்பை உறிஞ்சும் பவுசர் வண்டி கொண்டு வருகிறேன். எங்கே என்று மாத்தயாவுக்கு ஞாபகம் இருக்கிறதா?”

“இருக்கு,” என்றேன். இருந்தது.

அக்கா மட்டும் வாசலில் இருந்தபடி சத்தமாகச் சொன்னார்: “அப்ப மூண்டு வருசமாய் நான் நீ கட்டித் தந்த வீட்டுக்க, நீ அடைச்சு விட்ட தண்ணிக்கதான் நிண்டிருக்கிறன் என்ன!”

லேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

5

கைவண்டிக் காலத்துக் கூட்டாளி நவாஸ் மாளிகாவத்தையில் இருக்கிறான். கொங்கிறீட் உடைக்கும் மெசின் வாடகைக்கு விடுகிறான். போன் எடுத்தேன்.

“என்னடா, சுவிஸில் இருந்து வந்து ரோட்டை உடைக்கப் போறியா? விசர் ஒண்டும் பிடிக்கல்லையே?”

“நான் போட்டதைத்தான் உடைக்கிறன்.”

“அப்ப சரி. அடுத்தவன் போட்டதை உடைச்சாத்தான் கேஸ் ஈக்கி. வாரன்.”

இரண்டு வேலையாட்களோடு மெசினை ஓட்டோவில் கட்டிக்கொண்டு வந்தான். முதலாவது மூடி நான் சொன்ன இடத்தில், ஒரு சாண் கூட விலகாமல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்குத்தான் இரண்டு நாள் சென்றது. அதை மூடிய இடத்தில் பிறகு ஒருவர் கார் ஏற்ற மேடை கட்டியிருந்தார். அவரோடு கதைத்துச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. நானும் மெசினைப் பிடித்தேன். எழுபத்தொரு வயதில் பிடித்தேன். நவாஸ் பிடுங்கப் பார்த்தான், கொடுக்கவில்லை. இரவு தேநீர்க் கோப்பையைத் தூக்கக் கை வரவில்லை. அக்கா கோப்பையைப் பிடித்துப் பருக்கினார்.

திரும்பிப் போகும் திகதியை மாற்றினேன். அந்தக் கிழமைதான் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். சுவிஸில் அது பெரிய விஷயம், தாத்தா பாட்டி எல்லாரும் கூடப் போவார்கள். “அப்பா, அவன் உங்களைத்தான் கேட்டவன்,” என்றான் மகன். “ஒரு கானுக்காகவா?” என்றும் கேட்டான். அவனுக்கு விளங்க வைக்கும் தமிழ் அவனிடம் இல்லை, டொச் என்னிடம் இல்லை. பேசாமல் இருந்தோம். போனில் பேசாமல் இருப்பதுதான் எங்கள் இருவருக்கும் நன்றாக வரும்.

ஓவசியர் சொன்ன நாளுக்கு அடுத்த நாள் பவுசர் வந்தது. மூன்றாவது மூடிக்குக் கீழிருந்து வந்தது என்ன தெரியுமா? என் கட்டட வேலையின்போது கழுவி ஊற்றிய சீமெந்து, கல்லாகி, பாதிக் குழாயை அடைத்திருந்தது. அதன் மேல் பதினைந்து வருடக் கொழுப்பு. ஒரு துண்டை எடுத்து என் கையில் தந்தார் ஓவசியர். வாங்கி ஓரமாக வைத்தேன். பின்னேரம் நாலரைக்குத் தண்ணீர் ஒரு இழுவையோடு இறங்கியது. மேல்மாடிகளிலிருந்து கை தட்டினார்கள்.

நான் புரட்டாசியில் திரும்பி வந்தேன். ஐப்பசியில் மழை. அக்கா வீடியோவில் குளியலறையைக் காட்டினார், காய்ந்த தரை. தையல் மெசினைச் செங்கல்லிலிருந்து இறக்கிவிட்டார். மகன் ஹோம் தேடுவதை விட்டுவிட்டான்.

6

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன்.

போன கிழமை சங்கத்தின் ஆண்டறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. தமிழில்தான். நான்கு பக்கம். கானைப் பற்றிய பந்தி இது: “சங்கம் மாநகர சபைக்குச் சமர்ப்பித்த மகஜரின் பயனாக, கட்டட உரிமையாளர் ஒருவர் அனுமதியின்றி இட்டிருந்த கொங்கிறீட் தளம் அகற்றப்பட்டு, வடிகான் சீர்செய்யப்பட்டது. இதற்காக அயராது உழைத்த தலைவருக்கு நன்றி.”

நாலு தரம் வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் நான், பிழையாக வாசித்துவிட்டேனோ என்று நினைத்தேன். இல்லை. உடனே சிவபாதம் ஐயாவுக்கு எடுத்தேன்.

“ஐயா, அகற்றப்பட்டது எண்டு கிடக்கு. ஆர் அகற்றினது?”

“அறிக்கையில ஆக்களின்ர பேர் போடுறேல்லை, தம்பி. அது வழக்கமில்லை.”

“பிரதம விருந்தினரின்ர பேர் மூண்டு இடத்தில கிடக்கு.”

“உங்கட நன்மைக்குத்தான் விட்டனான். பேர் போட்டா, மூடினதும் நீங்கள்தான் எண்டு நிரந்தரமாய்ப் பதிவில நிண்டுடும். அறிக்கையின்ர பிரதி சபைக்கும் போகுது. நாளைக்கு உங்கட பிள்ளையள் வாசிப்பினம்.”

“என்ர பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது ஐயா. நீங்கள் பயப்பிடாமப் போடுங்கோ.”

“பாப்பம்,” என்றார். வங்கியில் கடன் கேட்டுப் போன காலத்திலிருந்து எனக்கு அந்தச் சொல் தெரியும்.

அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அந்த லேனில் இருக்கும் நாற்பத்திரண்டு குடும்பமும் இதை வாசிக்கும் என்று தெரியும். படிவம் வந்தால் இனியாவது இருக்கும் இடத்தில் பதியுங்கள். பதிந்தவர் ஒருவர் கீழ்த்தளத்தில் இருந்ததால்தான் உங்கள் தண்ணீர் இறங்குகிறது. சங்கத்திடம் நான் கேட்பது மூன்று வசனம். பொன்னாடை கேட்கவில்லை. முதலாவது: அனுமதியில்லாமல் மூடியவர் யார் என்று பெயரோடு எழுதுங்கள். இரண்டாவது: எல்லார் முன்னாலும் அதைச் சொல்லி, தன் கையால் உடைத்தவர் யார் என்று பெயரோடு எழுதுங்கள். மூன்றாவது: சபை ஏற்றுக்கொண்ட கடிதத்தில் முதல் கையெழுத்து கந்தையா பரமேஸ்வரியுடையது என்று எழுதுங்கள். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போடச் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே ஆள். இரண்டையும் எழுதினால்தான் அந்த ஆள் முழுசாக வருவான்.

பெயர் கந்தையா நடராசா. அறிக்கையைத் திருத்தி, சபைக்குப் போன பிரதியையும் மாற்றி, எனக்கு ஒன்று அனுப்புங்கள். கட்டட உரிமையாளர் ஒருவர் என்று எவரும் அந்த லேனில் கொங்கிறீட் உடைக்கவில்லை.